அம்மா பொறுப்பேற்ற ராகு காலம்

எங்கள் வீட்டில் ராகு காலத்துக்கு இருந்த மரியாதை அப்பாவுக்குக்கூட இருந்ததில்லை. அந்த நேரத்தில் அம்மா சந்தைக்குக் கிளம்பமாட்டாள், புதுத் துணியைப் பிரிக்கமாட்டாள். வத்தேகமவுக்கு அப்பால் ஒரு தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்கு அவள் அதிபராக மாற்றலானபோது, திங்கட்கிழமை காலை ஏழரைக்கு முன்பே கையெழுத்துப் போட்டுப் பொறுப்பேற்றுவிட வேண்டும் என்று வீட்டில் முடிவாயிற்று. ஏழரைக்கு ராகு காலம் தொடங்கிவிடும், ஒன்பதுக்குத்தான் முடியும். என்னையும் அன்றைக்கே அங்கே ஐந்தாம் வகுப்பில் சேர்ப்பதாக ஏற்பாடு.

குண்டசாலையிலிருந்து ஆட்டோவில் நேரத்தோடு போய் இறங்கினோம். கேட் பூட்டியிருந்தது. பழைய மாணவர் சங்கத்துக்காரர்கள் சிலர் சுலோக அட்டைகளோடு அதை மறித்து நின்றார்கள். ஊர்க்காரரான பிரதி அதிபருக்கே அந்தப் பதவி வேண்டும், வெளியூர்ப் பொம்பிளை வேண்டாம் என்பது அவர்கள் கட்சி. பிள்ளைகளெல்லாம் வெள்ளை உடுப்போடு ரோட்டோரத்தில் நின்று வேடிக்கை பார்த்தார்கள். அம்மா யாரிடமும் கெஞ்சவில்லை. தூறலில் குடையைப் பிடித்தபடி நின்றாள். எனக்குத்தான் மூக்குக்கு மேல் கோபம் வந்தது.

ஏழரை தாண்டியதும் சங்கத் தலைவரே பூட்டைத் திறந்தார். டவுனில் இரும்புக்கடை வைத்திருந்தவர். குரலில் தேன் ஒழுகியது.

"பிள்ளைங்க உள்ள போகட்டும். டீச்சர், ஒங்க நல்லதுக்குத்தான் சொல்றேன், இப்ப ராகு காலம். இன்னைக்குப் போயிட்டு இன்னொரு நாள் நல்ல நேரம் பாத்து வாங்க."

அந்த இன்னொரு நாளுக்குள் மேலிடத்தைப் பிடித்து மாற்றலையே ரத்துச் செய்துவிடலாம் என்பது திட்டம். அது எனக்கே விளங்கியது. அம்மா அன்று திரும்பிப் போயிருந்தால் அதோடு கதை முடிந்திருக்கும்.

அம்மா குடையை மடக்கினாள்.

"திங்கக்கெழமை திங்கக்கெழமை இந்த நேரத்துலதானே இவங்களுக்கு மணி அடிக்கிறீங்க? இந்தப் பிள்ளைங்களுக்கு இல்லாத ராகு காலம் எனக்கு மட்டும் எதுக்கு? வழிய விடுங்க."

விட்டார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. நானும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு கூடவே கிளம்பினேன். அம்மா சட்டென்று என் கையைப் பிடித்து, எதிரே இருந்த தேத்தண்ணிக் கடைக்கு இழுத்துப் போனாள்.

"நானா, ஒம்பது மணி வரைக்கும் இவ இங்க இருக்கட்டும்" என்று முஸ்லிம் கடைக்காரரை அண்ணன் முறை வைத்து அழைத்துச் சொன்னாள்.

"நானும் வர்றேம்மா."

"வேணாம். அதுக்கு முன்னால கேட்டத் தாண்டினே, கால ஒடிச்சிருவேன்."

தனியாகத்தான் போனாள். வலது காலை எடுத்து வைத்து உள்ளே நுழைந்ததைக் கடையிலிருந்து பார்த்தேன். கொஞ்ச நேரத்தில் பள்ளிக்கூட மணி அடித்தது. நானா கொடுத்த பணிஸ் பன்னை நான் தொடவில்லை. மற்றப் பிள்ளைகளெல்லாம் உள்ளே போயிருக்க, அதிபரின் மகள் மட்டும் வெளியே.

வாயாடி, எதையாவது பேசிக் காரியத்தைக் கெடுத்துவிடுவாள் என்றுதான் என்னை ஒதுக்கி வைத்தாள் என நினைத்து, அந்த வாரம் முழுக்க அவளோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. ஆனாலும் ராகு காலத்தையெல்லாம் என் அம்மா ஒரு பொருட்டாகவே மதிக்கமாட்டாள் என்று பள்ளிக்கூடம் முழுக்கப் பெருமையடித்துத் திரிந்தேன். அவளோ ராகு காலத்தை முழுசாக நம்பித்தான் இருந்தாள். வருவது தனக்கு வரட்டும் என்று உள்ளே நடந்தவள், மகள்மேல் மட்டும் அது பட்டுவிடக் கூடாது என்று பயந்தாள் என்பது எனக்கு அப்போது புரியவில்லை.