எண்ணிக்கை சரியாக இருந்த பட்டியல்

பேய், ஆவி என்று யாராவது ஆரம்பித்தாலே எழுந்து போய்விடுகிற ஆள் நான். பூசை முடிந்து மாதா கோயில் வாசலில் நின்று அந்தக் கதைகளைப் பேசுகிறவர்களிடம், வேறு வேலை வெட்டி இல்லையா என்று முகத்துக்கு நேராகவே கேட்டிருக்கிறேன். இப்போது நானே சொல்ல வந்திருக்கிறேன். நீங்கள் சிரிக்கத்தான் போகிறீர்கள், சிரித்துக்கொள்ளுங்கள், நம்பச் சொல்லி யார் காலிலும் நான் விழப் போவதில்லை.

எண்பதுகளின் தொடக்கம். சிங்கப்பூரில், ஜூரோங்கில் ஒரு கப்பல் பட்டறையில் கம்ப்யூட்டர் அறை என் பொறுப்பு. அந்த இயந்திரத்தில் முக்கியமானது ஆள் பட்டியல்தான். யார் யார் வேலையில் இருக்கிறார்கள், எந்தப் பிரிவு, பாஸ் எண் என்ன, இன்று எத்தனை மணிக்கு உள்ளே வந்தார், எப்போது வெளியே போனார், எல்லாம் அதில் இருக்கும். சைரன் ஊதினால் அதைத்தான் அச்சடித்துக்கொண்டு திடலுக்கு ஓடுவோம். பெயர் கூப்பிட்டு எண்ணிக்கை சரி என்றால் எல்லோரும் வெளியே வந்துவிட்டார்கள் என்று அர்த்தம்.

பட்டியல் அழிந்துபோனால் என்ன செய்வது என்று அதைக் காந்த நாடாவில் பிரதி எடுத்து வைப்போம். நேற்று எடுத்த நாடாவுக்கு மகன் என்று பெயர், போன வாரத்தது அப்பா, போன மாதத்தது தாத்தா. மூன்றும் நெருப்புத் தாங்கும் இரும்புப் பெட்டிக்குள் இருக்கும், சாவி என் இடுப்பில்.

மாணிக்கம் அங்கே வெல்டிங் ஃபோர்மன். எனக்கு அவனைக் கண்டாலே ஆகாது, இன்றைக்கும் ஆகாது, செத்தவன் என்பதற்காக நல்லவன் என்று சொல்ல மாட்டேன். சிராங்கூன் ரோட்டில் ஒரு காப்பிக் கடையில் உட்கார்ந்துகொண்டு, என் தங்கைக்குப் பேசியிருந்த மாப்பிள்ளை வீட்டாரிடம் இல்லாததும் பொல்லாததும் சொல்லிச் சம்பந்தத்தையே கலைத்தவன் அவன். தங்கை ஒரு வாரம் அறையை விட்டு வெளியே வரவில்லை.

அவன் வேறு பட்டறைக்கு மாறிப் போகிறான் என்று ஒரு தாள் வந்தது. வெள்ளிக்கிழமை வேலை முடிந்ததும் அவன் பெயரைப் பட்டியலிலிருந்து எடுக்கச் சொல்லியிருந்தார்கள். நான் புதன்கிழமை மாலையே எடுத்துவிட்டேன். மறுநாள் காலையில் கேட்டில் நாலு பேர் முன்னால் அவமானப்பட்டு நிற்கட்டும் என்றுதான் செய்தேன், வேறு எதுவும் நினைக்கவில்லை, சத்தியமாக நினைக்கவில்லை.

அவன் நிற்கவில்லை. பட்டியலில் பெயர் இல்லை என்று கேட்டில் இருந்த கிளார்க் சொல்லியும், காவலுக்கு இருந்த மலாய்க்காரப் பெரியவர் தெரிந்த ஆள்தானே என்று உள்ளே விட்டிருக்கிறார். எதிலும் பதியவில்லை. அன்று பத்து மணிக்கு ஒரு கப்பலின் எண்ணெய்த் தொட்டியில் தீப்பிடித்தது. திடலில் பெயர் கூப்பிட்டார்கள், எண்ணிக்கை சரியாக இருந்தது. உள்ளே யாரும் இல்லை என்று தொட்டியின் மூடியை இறுக்கிப் போட்டார்கள், காற்றுப் போகாமல் தீ தானாக அணையட்டும் என்று. மாலையில் மூடியைத் திறந்தபோது ஏணியின் உச்சியில் கிடந்தான். மூடியின் உள்பக்கம் ஸ்பேனரால் தட்டித் தட்டிப் பெயின்ட் உதிர்ந்திருந்தது.

விசாரணையில் தேதியைத் தவறாகப் படித்துவிட்டேன் என்றேன். நம்பினார்கள்.

இது நடந்து இரண்டு மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் டிஸ்க் கெட்டுப்போய்ப் பட்டியல் முழுவதும் அழிந்துவிட்டது. திங்கள் காலை ஷிப்டுக்குள் நாடாவிலிருந்து அதைத் திரும்பக் கொண்டுவர வேண்டும். பூசையைப் பாதியில் விட்டுவிட்டுப் போனேன். எங்கள் ஆபரேட்டர் சாந்தி புது டிஸ்க்கை மாட்டி வைத்திருந்தாள். மகன் நாடாவை ஓட்டினோம், இருபது நிமிடத்தில் பட்டியல் வந்துவிட்டது. சாந்திதான் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணே, மாணிக்கம் அண்ணன் பேரை நீங்கதானே எடுத்தீங்க?"

எட்டிப் பார்த்தேன். மாணிக்கம், வெல்டிங், உள்ளே வந்த நேரம் வியாழன் காலை 7.40. வெளியே போன நேரம் காலி. நம்பினால் நம்புங்கள், அந்த நேரத்தை யாருமே பதியவில்லை, பதிந்திருக்கவும் முடியாது, அப்போது அவன் பெயரே அதில் இல்லை. அழித்துவிட்டு அப்பா நாடாவைப் போட்டேன். அதிலும் இருந்தான். தாத்தா நாடாவிலும் இருந்தான். கடைசியில் மகன் நாடாவையே மறுபடியும் ஓட்டினேன். மூன்று நாடாவும் அவனைப் புதைத்த பிறகு எழுதப்பட்டவை. யாரோ விளையாடுகிறார்கள் என்று சாந்தியிடம்தான் கத்தினேன். அவள் இரும்புப் பெட்டியையே பார்த்தாள்.

பெட்டிக்குள்ளிருந்து தட்டும் சத்தம் வந்தது. இரும்பில் இரும்பு படுகிற சத்தம். நாடாக்கள் மூன்றும் வெளியே மேசைமேல் இருந்தன, பெட்டி காலி. திறந்து பார்த்தேன், ஒன்றும் இல்லை. மூடினேன், மறுபடியும் தட்டியது. சரி, திறந்தே கிடக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

"மொத்தம் எத்தனை பேர்னு பாருங்கண்ணே," என்றாள் சாந்தி.

சனிக்கிழமைக் கணக்குக்கும் திரையில் இருந்ததற்கும் வித்தியாசமே இல்லை. அவன் கூடியிருந்தால் ஒன்று அதிகமாக இருக்க வேண்டுமே. அச்சடித்த தாளில் ஸ்கேலை வைத்து ஒவ்வொரு வரியாக அவள் இறங்கி வந்தாள். ஒரு இடத்தில் ஸ்கேல் நின்றது. அந்தோணி என்று என் பெயர் இருக்க வேண்டிய இடம். மேல் பெயரும் கீழ்ப் பெயரும் ஒட்டிக்கொண்டிருந்தன, நடுவில் நான் இல்லை.

அவன் பெயரை அழித்து, என் பெயரை என் கையாலேயே தட்டி, இரண்டு தடவை சரிபார்த்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போனேன். சாந்தியும் பார்த்தாள். திங்கள் காலை சைரன் ஊதினார்கள், தீ விபத்துக்குப் பிறகு மாதம் ஒரு தடவை நடக்கிற ஒத்திகைதான். திடலில் எல்லோர் பெயரையும் கூப்பிட்டார்கள், என் பெயரைக் கூப்பிடவில்லை. மாணிக்கம் என்று ஒரு தடவை கூப்பிட்டார்கள். கூட்டத்தில் ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை, ஆனால் கூப்பிட்டவர் தலையாட்டிவிட்டுத் தாளில் டிக் போட்டார், அதை நான் என் கண்ணால் பார்த்தேன். அந்த மாதமே வேலையை விட்டேன்.

இதை அத்தோடு முடிந்த கதை என்றுதான் வைத்திருந்தேன். பல வருஷம் கழித்து, பாசிர் ரிஸ் வீட்டுக்குக் குடிபோன புதிதில் எங்கள் அடுக்குமாடி புளோக்கில் தீ ஒத்திகை நடத்தினார்கள். கீழே எல்லோரும் கூடி நின்றோம். ஒரு பெண் தாளைப் பார்த்து வீடு வீடாகப் பெயர் படித்தாள். என் வீட்டு எண்ணைத் தாண்டிப் போய்விட்டாள். என் பெயர் எங்கே என்று கேட்டேன்.

"எல்லாரும் வந்தாச்சு லா அங்கிள், எண்ணிக்கை சரியா இருக்கு."

அந்தத் தாளை நான் வாங்கிப் பார்க்கவில்லை. அதில் யார் பெயர் இருந்தது என்று தெரிந்துகொள்ளும் தைரியம் எனக்கு இல்லை, இன்றைக்கும் இல்லை. அன்றிலிருந்து என் வீட்டுக் கதவை நான் பூட்டுவதில்லை. தூங்கும்போதும் அது திறந்துதான் கிடக்கிறது. திருடன் வந்தால் வரட்டும்.