ருத்திராட்சப் பூனை என்று சிரித்தோம்

கூட்டேரிப்பட்டு மேம்பாலத்தைத் தாண்டிய பிறகுதான் திரும்பிப் பார்த்தேன். பரோட்டா கடையின் புகை தெரிந்தது. என்னைக் கூப்பிட யாரும் வரவில்லை. தோளில் ஒரு கோணிச் சாக்கு, அதற்குள் கடையின் பூனை. பஸ்ஸில் ஏறினேன், சாக்கு அசைவதைப் பார்த்து கண்டக்டர் இறக்கிவிட்டார். திண்டிவனம் வரை நடப்பதென்று ஆகிவிட்டது.

அந்தக் கடையில் நான் தட்டு கழுவினேன். பூனை சாம்பல் நிறக் கடுவன். கொஞ்ச நாளாகவே விறகுக் குவியல் ஓரமாக, முன்கால்களை மடக்கி, தலையைத் தாழ்த்தி, கண்களைப் பாதி மூடி உட்கார்ந்திருக்கும். எலி குறுக்கே ஓடினாலும் அசையாது.

"பாரு, ருத்திராட்சப் பூனை. ஜபம் பண்ணிக்கினு இருக்குது. அசந்தா மீனு போச்சு" என்பார் பரோட்டா மாஸ்டர். சிரிப்போம்.

மீன் போகவில்லை. மீன் தலையைப் போட்டால் ஓடிவரும், மோந்து பார்க்கும், ஒரு கடி கடித்துவிட்டு விலகிப் போய்விடும். "கொழுப்பு. தொரைக்கு வஞ்சரம் வேணுமாம்" என்றார் மாஸ்டர். தடவிக்கொடுத்தால் குர்ர் என்றது. அதனால் எனக்கும் சந்தேகம் வரவில்லை.

பிறகு நக்கிச் சுத்தம் செய்துகொள்வதை விட்டுவிட்டது. முதுகு முடி சடை பிடித்தது. அன்று காலை தாடையில் என் கை பட்டதும் கடித்துவிட்டது.

"நோவு புடிச்சத கடையில வெச்சிக்கினா எவன் சாப்புட வருவான்? இத்த பைபாசுக்கு அந்தாண்ட உட்டுட்டு வா" என்றார் முதலாளி.

நானும் பைபாசைத் தாண்டினேன். நிற்கவில்லை.

வழியெல்லாம் சாக்கிலிருந்து சத்தமே இல்லை. கத்தினால்கூடத் தேவலை என்றிருந்தது. நிழல் கண்ட இடத்திலெல்லாம் இறக்கி, மூச்சு இருக்கிறதா என்று பார்த்தேன்.

திண்டிவனம் மாட்டாஸ்பத்திரியில் டாக்டரம்மா அதன் வாயைத் திறந்ததும் நாற்றம் அடித்தது. பல் அழுகி, ஈறு வீங்கியிருந்தது.

"தடவுனா குர்ர்னுச்சிங்கம்மா. நல்லாத்தான் இருக்குதுன்னு நெனச்சிக்கினு இருந்தேன்."

"வலியிலயும் அப்படித்தான் பண்ணும், தன்னைத் தானே தேத்திக்கிறதுக்கு. பூனை கத்திக் காட்டாதுங்க. கண்ணைப் பாதி மூடிக்கும், காதைப் பக்கவாட்டுல சாய்ச்சுக்கும், ஒடுங்கி உக்காந்துக்கும். நீங்க பாக்கலையா?"

பார்த்தோம். பார்த்துச் சிரித்தோம்.

ஊசி போட்டார். வீக்கம் வடிந்தால்தான் பல்லைப் பிடுங்க முடியும். அதுவரை சோற்றைக் கரைத்து ஊட்டி, அலைக்கழிக்காமல் ஒரே இடத்தில் வைத்திருக்க வேண்டும், இல்லையென்றால் தாங்காது என்றார். "எடம் இருக்கா?" என்று கேட்டார். இருக்குதுங்கம்மா என்றேன். அன்றிரவு பஸ் ஸ்டாண்டில் சாக்கைக் கட்டிப்பிடித்துக்கொண்டு படுத்தேன்.

காலையில் ஒரு மல்லாட்டை மண்டியில் வேர்க்கடலை மூட்டை தூக்க ஆள் கேட்டார்கள். தங்குவதற்குக் குடோனிலேயே இடம். பூனை எலிக்கு ஆகும் என்று சொல்லி ஒரு மூலையில் இறக்கிவிட்டேன். மேஸ்திரி குனிந்து பார்த்தார்.

"இன்னாய்யா, கண்ண மூடிக்கினு கெடக்குது? நோவா? நோவுன்னா வெளிய போடு."

கண்கள் பாதி மூடியிருந்தன. காதுகள் பக்கவாட்டில் சாய்ந்திருந்தன.

"நோவெல்லாம் இல்லீங்க. ருத்திராட்சப் பூனை. எலி வர்ற வரைக்கும் இப்படித்தான் ஜபம் பண்ணும்."

அவர் சிரித்துவிட்டார். "சரி, நீயும் கூட ஒக்காந்து ஜபம் பண்ணாத. ஜல்தி தூக்கு."

தூக்கினேன். மூட்டையோடு போகும்போதும் வெறுங்கையோடு வரும்போதும் அந்த மூலையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.