பனி விட்ட பிறகு வந்த பூச்சி

கல்முனைக் கடற்கரையோரத்து மணல் வளவில் சுபைறா நட்டது நானூறு மிளகாய்க் கன்று; அவளூர்ப் பேச்சில் கொச்சிக்காய். அந்த நானூறும் பிழைத்தால்தான் அலுமாரிக்குள் இருக்கும் பாஸ்போட் அங்கேயே கிடக்கும். கணவர் முனாப் கூரையிலிருந்து விழுந்து இடுப்பை முறித்துக்கொண்டவர். கொச்சிக்காய் கைவிட்டால் அவள் மறுபடியும் றியாதுக்கு வீட்டு வேலைக்குப் போக வேண்டும். முந்திப் போய்த் திரும்பிய அன்று மகள் அஸ்மியா கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு, "ஆரு வாப்பா இவ?" என்று கேட்டாள். அந்தச் சொல் இன்றைக்கும் சுபைறாவைத் தூங்க விடுவதில்லை.

மாரி மழை ஓய்ந்து தை பிறந்ததும் பனி கொட்டியது. கொச்சிக்காய் இலையைச் சுருட்டுவது பனிப்பூச்சி என்று கேள்விப்பட்ட நாளிலிருந்து, பனியைக் கண்டாலே அவளுக்குப் பயம். விடியுமுன் சுபஹ் தொழுத கையோடு வளவுக்கு ஓடுவாள். பிஸ்மி சொல்லி, கன்று கன்றாக அசைத்துப் பனியை உதறுவாள். இலையைப் புரட்டிப் பார்ப்பாள். ஒன்றும் இராது.

மாசியில் பனி நின்றது. வெயில் ஏறியது. காய்ந்த காற்று மணலை அள்ளி வீசியது.

"அல்ஹம்துலில்லாஹ், பனி போயிட்டு. இனிப் பயமில்ல" என்றாள் முனாபிடம். அதன் பிறகு அவள் இலையைப் புரட்டவில்லை, வேருக்குத் தண்ணீர் விட்டதோடு சரி.

பத்தாம் நாள் பார்த்தால், கொழுந்துகள் தோணி போல மேல்நோக்கி வளைந்திருந்தன. ஒரு கொழுந்தை வெள்ளைக் கடதாசியில் தட்டினாள். ஊசிமுனையளவு மஞ்சள் பூச்சிகள் ஓடின.

பக்கத்து வளவில் கத்தரி நட்டிருந்த பாண்டிருப்பு ஊர் ஜதுசன் வேலியால் எட்டிப் பார்த்தான். "என்னக்கா, பேயக் கண்ட மாதிரி நிக்கிறீங்க?"

"பனிப்பூச்சி தம்பி. பனிதான் விட்டிட்டே, மறுகா இது எங்கால வந்த?"

"பேர நம்பி ஏமாந்திட்டீங்களே! பனிக்கும் அதுக்கும் ஒரு சொந்தமும் இல்ல. வெயிலும் காஞ்ச காத்தும்தான் அதுக்குப் பெருநாள். நல்லா ஒரு மழ அடிச்சாக் கழுவுண்டு போயிரும்."

"அப்ப நான் ஒரு மாசமாப் பனிய உதறினது?"

"தேகப் பயிற்சி!" என்று சிரித்தவன், அவள் கண் கலங்குவதைக் கண்டு சிரிப்பை விழுங்கினான். "மழ இல்லாட்டி நீங்க மழையாகுங்க அக்கா. விடியவே இலைக்கு அடியால தண்ணி அடிங்க. மோசமானதப் புடுங்கி எரிங்க."

அறுபது கன்றைப் பிடுங்கினாள். ஒவ்வொன்றைப் பிடுங்கும்போதும் றியாதில் அவள் வேலை செய்த வீட்டின் பூட்டிய கதவு கண்ணில் வந்தது. மறுநாளிலிருந்து விடிந்ததும் குழாயைப் பிடித்துக்கொண்டு, குனிந்து குனிந்து, ஸலவாத்து ஓதியபடி இலைகளைக் கீழிருந்து கழுவினாள்.

ஆறாம் நாள் காலை முனாப் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்று கூப்பிட்டார். மற்றக் கையில் போன் இருந்தது. "றியாதுக்குப் போறியா எண்டு ஏஜென்சிக்காரன் கேக்கான் புள்ள. என்ன சொல்ல?"

சுபைறா ஒரு கன்றின் முன்னால் குந்தினாள். வளைந்த இலைகளுக்கு நடுவே புதுக் கொழுந்து ஒன்று. அது இன்னும் மடிந்தே இருந்தது. தட்டையாக விரியுமா, தோணியாக வளையுமா? தொட்டுப் பார்க்கவும் பயமாக இருந்தது.

"இது விரியுமட்டும் பொறுக்கச் சொல்லுங்க" என்றாள். பிறகு குழாயை எடுத்து அடுத்த கன்றுக்கு நகர்ந்தாள்.