கரிக்கோச்சி வரும் சனிக்கிழமை

இராயப்பண்ணன் எங்கள் தேயிலைத் தோட்டத்து ஃபெக்டரியில் எலெக்ட்ரீஷியன். வயது நாற்பத்தாறு. சாராயம் இல்லை, சீட்டாட்டம் இல்லை, யூனியன் அரசியலும் இல்லை. அத்தனைக்கும் சேர்த்து அவருக்கு ஒரே பைத்தியம், ரயில். எங்கள் மலையில் ரயிலைக் கோச்சி என்போம். நிலக்கரி போட்டு நீராவியில் ஓடிய பழைய ரயில் கரிக்கோச்சி. இப்போது ஓடுவதெல்லாம் டீசல்தான். எப்போதாவது வெள்ளைக்காரப் பயணிகளுக்காக ஒரு பழைய எஞ்சினைத் துடைத்து எடுத்துவந்து ஓட்டுவார்கள். அப்படி வந்த ஒவ்வொரு முறையும் அண்ணனுக்கு வேலை, காய்ச்சல், இழவு என்று ஏதாவது குறுக்கே வந்துவிடும். பதினொரு வருடமாக அந்த மனிதர் ஓடுகிற கரிக்கோச்சியைக் கண்ணால் பார்த்ததில்லை.

பார்க்காததைச் செய்துவைத்திருந்தார். பால்மா டின்னில் பொயிலர், குடைக்கம்பியில் பிஸ்டன், நாலு சின்னச் சக்கரம், ஆறு பெரிய சக்கரம். பெட்டரி போட்டால் அவர் குடியிருக்கும் லயத்துக் காம்பராவின் சிமெந்துத் தரையில் சுற்றிச் சுற்றி வரும். அவர் மனைவி மரியநாயகி அண்ணி அதற்கென்று ஒரு பழைய பிஸ்கட் பெட்டியே ஒதுக்கியிருந்தார். அந்த வீட்டில் கரிக்கோச்சி என்றால் அந்தத் தகரம்தான்.

நான் ஹட்டனில் சின்னதாக ஒரு ஸ்டூடியோ வைத்திருக்கிறேன். ஞாயிறு மாலை அங்கே ரயில் பைத்தியங்கள் நாலைந்து பேர் கூடுவோம். எந்த எஞ்சினுக்கு எத்தனை சக்கரம், எது எந்த வருடம் கப்பலில் வந்தது என்று அடித்துக்கொள்வோம். அந்த வாரம் பேச்சு சுரங்கத்தைப் பற்றி. மேட்டில் ஏறும் கரிக்கோச்சி சுரங்கத்துக்குள் வழுக்கினால் சக்கரம் நின்ற இடத்திலேயே சுற்றுமாம். புகை வெளியே போக வழியில்லாமல் கூரையில் முட்டிக் கீழே இறங்குமாம். அந்தக் காலத்தில் கரி போடுகிறவர்கள் ஈரத்துணியை மூக்கில் கட்டிக்கொண்டும் மயங்கி விழுவார்களாம். பாயாசம் குடிப்பது போல ரசித்துப் பேசினோம். இப்போது நினைத்தால் என்னையே அறையத் தோன்றுகிறது.

சனிக்கிழமை காலை பத்தரைக்குக் கரிக்கோச்சி ஒன்று எங்கள் சுரங்கத்தைத் தாண்டும் என்று வட்சப்பில் செய்தி வந்தது. மூன்று நாளாக வீட்டில் அண்ணன் அதையே சொல்லியிருக்கிறார். அண்ணியும் சரி, சரி என்றிருக்கிறார். பள்ளிக்கூடக் கண்காட்சிக்கு இரவல் போன தகர எஞ்சினை அதே சனிக்கிழமை டீச்சர் கொண்டுவந்து தருவதாகச் சொல்லியிருந்தது அண்ணனுக்கு மறந்தே போயிற்று.

பத்து மணிக்கே நானும் அண்ணனும் சுரங்கத்தின் மேல்வாசலில் நின்றோம். என் கையில் கெமரா, அவர் கையில் போன். ரயில் கீழ்வாசலில் நுழைந்து வளைவில் ஏறி எங்கள் முன்னால் வரவேண்டும். மழைத்தூறலில் தண்டவாளம் மினுமினுத்தது. அண்ணனுக்குக் கொண்டாட்டம்.

"உள்ளுக்குள்ள ஒரு தடவ வழுக்கணும் தம்பி. அந்தச் சத்தம் ஒண்ணு போதும் எனக்கு."

பத்தேகாலுக்கு அவர் போன் அடித்தது. அண்ணிதான். தோட்டத்தின் மேல் டிவிஷனில் இருக்கும் மாதாகோயிலைக் கூட்டிப் பூ வைக்கப் புறப்பட்டு, சுரங்கத்தின் கீழ்வாசலுக்கு வந்துவிட்டாராம். எட்டரைக் கோச்சி போய்விட்டால் பதினொன்று வரைக்கும் எதுவும் வராது. அந்த இடைவெளியில் சுரங்கத்துக்குள் நடந்து மறுபக்கம் போவது எங்கள் எல்லோருக்கும் பழக்கம். சுற்றிப் போனால் ஒரு மணி நேரம், உள்ளே போனால் பத்து நிமிடம்.

"உள்ளுக்கு வராத, நாயகி. கரிக்கோச்சி வருது" என்றார் அண்ணன்.

ஸ்பீக்கரில் அண்ணியின் பதில் எனக்கும் கேட்டது. "வந்தா வாங்கிப் பொட்டியில வச்சிருங்க. மழ தூறுது, நனைஞ்சிறப் போகுது."

அண்ணி சொன்னது டீச்சர் கொண்டுவரும் தகர எஞ்சினை. அவ்வளவுதான், லைன் போய்விட்டது. அண்ணன் திரும்பத் திரும்ப எடுத்தார். சிங்களத்தில் ஒருத்தி, பிறகு தமிழில் ஒருத்தி, தொடர்புகொள்ள முடியவில்லை என்று பொறுமையாகச் சொன்னார்கள். அவர் முகம் வெளுத்துவிட்டது. ஸ்டேஷனுக்குச் சொல்லி நிறுத்தலாம் என்று போனை எடுத்தேன். எத்தனையோ எஞ்சின் நம்பர் எனக்கு மனப்பாடம், ஸ்டேஷன் நம்பர் தெரியாது. என் ரயில் அறிவின் லட்சணம் அது.

கீழே, மலைக்கு அந்தப் பக்கம், விசில் கேட்டது.

அண்ணன் சுரங்கத்துக்குள் ஓடினார். "நாயகி, சுவத்துக் குழிக்குள்ள போ, குழிக்குள்ள போ" என்று கத்திக்கொண்டே ஓடினார். ஆள் ஒதுங்கி நிற்கச் சுவரில் அங்கங்கே குழிவு விட்டிருப்பார்கள். இருட்டில் அது கைக்கு அகப்பட வேண்டுமே. நான் துரத்திப் போய் அவர் இடுப்பைக் கட்டிப் பிடித்தேன். முகத்தில் குத்தினார். விடவில்லை, இழுத்து வெளியே போட்டேன். செய்தது சரியா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

உள்ளேயிருந்து சத்தம் நெருங்கியது. நிதானமாக, கனமாக ஏறி வந்த அந்தச் சத்தம் திடீரென்று படபடவென்று கொட்டியது. சக்கரம் வழுக்குகிறது. நின்றது. மறுபடி வழுக்கியது. அண்ணன் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார். மாதாவே, மாதாவே என்பதைத் தவிர அவர் வாயில் வேறு பேச்சு இல்லை. சுரங்கத்து வாயில் புகை திரண்டு வெளியே வந்தது. எஞ்சின் வரவில்லை. எத்தனை நிமிடம் என்று நான் பார்க்கவில்லை.

பிறகு வந்தது. கறுப்பும் பித்தளையுமாக, வெள்ளை ஆவி விட்டுக்கொண்டு, நாங்கள் ஞாயிறுதோறும் பேசியதை எல்லாம்விட அழகாக வந்தது. அண்ணன் தண்டவாளத்தின் ஓரத்தில் குப்புறப் படுத்துக்கொண்டு ஒவ்வொரு சக்கரமாகப் பார்த்தார். எஞ்சினின் சக்கரங்கள், பெட்டிகளின் சக்கரங்கள், கடைசிச் சக்கரம் வரைக்கும். எதில் இரத்தம் இருக்கிறது என்று தேடினார். ஜன்னல்களில் வெள்ளைக்காரர்கள் சிரித்துக்கொண்டு அவருக்குக் கை காட்டினார்கள்.

கைலேஞ்சித் துணியை, வாசலோரம் பாறையிலிருந்து விழும் பீலித் தண்ணீரில் நனைத்து மூக்கில் கட்டிக்கொண்டு, போன் வெளிச்சத்தில் இருவரும் உள்ளே போனோம். கண் எரிந்தது. பாதி தூரம் வரைக்கும் அண்ணன் கூப்பிட்டதற்கு அவர் குரலே திரும்பி வந்தது. அதற்கப்பால் ஒரு இருமல். சுவர்க் குழிவுக்குள் முகத்தைப் புதைத்து, முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அண்ணி குந்தியிருந்தார். பூக்கூடை தண்டவாளத்தில் சப்பளிந்து கிடந்தது.

வெளியே கொண்டுவந்து பீலியடியில் உட்கார வைத்தோம். கறுப்புக் கறுப்பாகத் துப்பினார். முகத்தைக் கழுவிக்கொண்டார். கொஞ்ச நேரம் மூச்சு வாங்கிய பிறகு கணவரை நிமிர்ந்து பார்த்தார்.

"எத்தன வருசமா காத்துக்கிட்டிருந்தீங்க. கோச்சிய நல்லா பாத்தீங்களா?"

"சக்கரத்த மட்டும்தான் பாத்தேன்" என்றார் அண்ணன்.

ஏன் சக்கரத்தை மட்டும் பார்த்தீர்கள் என்று அண்ணி கேட்டார். அண்ணன் அவர் காலடியில் உட்கார்ந்து, முந்தானையில் ஒட்டியிருந்த கரியைத் தட்டிவிட்டுக்கொண்டிருந்தார்.