சோளக்காட்டைப் பார்த்த ஜன்னல்

ஆர்டிஸ் நைகார்டுக்கு ரயிலோடு பேசத் தெரியும்; மனிதர்களோடுதான் வராது. லிண்டல் ஸ்டேஷனில் தலை நரைக்கும்வரை ஸ்டேஷன் மாஸ்டராக இருந்தவள். நிற்காமல் போகும் வண்டிக்கு உத்தரவுச் சீட்டை நீளக் கம்பில் மாட்டி நீட்டுவாள். டிரைவர் பிடிக்காமல் கோட்டை விட்டால், அவனுடைய ஏழு தலைமுறையையும் இழுத்துத் திட்டுவாள். அதே ஆர்டிஸ், என் காப்பிக் கடையில் ஆறிப்போன காப்பியைக் கொடுத்தாலும் "நல்லாத்தான் இருக்கு" என்று குடித்துவிட்டுப் போவாள். அவளை மட்டும் சொல்லிக் குற்றமில்லை. அயோவாவில் எங்கள் ஊரே அப்படித்தான். வீடு பற்றி எரிந்தாலும் "இன்னிக்குக் கொஞ்சம் சூடு" என்போம்.

ரயில் கம்பெனி ஸ்டேஷனை மூடியது. கட்டடத்தை நகர்த்திக்கொண்டு போனால் ஊருக்கே சொந்தம், இல்லாவிட்டால் இடித்துவிடுவோம் என்றது. ஆர்டிஸுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. தண்டவாளத்தை நோக்கித் துருத்திக்கொண்டிருக்கும் அந்தப் பெரிய ஜன்னலில் உட்கார்ந்தால், இரண்டு பக்கமும் வண்டி வருவது தெரியும். அவள் ஆயுசே அதில் கழிந்தது.

"அந்த ஜன்னல்ல உக்காந்து வண்டி பாத்தாப் போதும். வேற எதுவும் வேணாம்" என்றாள். அவள் எங்களிடம் வாய்விட்டுக் கேட்டது அது ஒன்றுதான்.

வீடுகளை இடிக்காமல் அப்படியே பெயர்த்து நகர்த்தும் தொழில் செய்யும் மெர்லின் டோஸ்டல், சும்மாவே செய்து தருவதாகச் சொன்னான். தண்டவாளத்துக்கு எதிர்ப்பக்கம், சோளக்காட்டை ஒட்டி இடம் கிடைத்தது. வண்டி இல்லாத ஒரு ஞாயிற்றுக்கிழமை கட்டடத்தைச் சக்கரத்தில் ஏற்றி, தண்டவாளத்துக்குக் குறுக்கே நேராக இழுத்து, இழுத்த வாக்கிலேயே இறக்கி வைத்தான். ஊரே கைதட்டியது. தட்டிய கை பாதியில் தளர்ந்தது. தண்டவாளம் இப்போது கட்டடத்தின் முதுகுப் பக்கம் இருந்தது. ஜன்னல் சோளக்காட்டைப் பார்த்தது.

யாராவது வாயைத் திறந்தோமா? ஓசியில் உழைத்த மனுஷனிடம் எந்த முகத்தோடு சொல்வது?

மெர்லின் தொப்பியைக் கழற்றினான். "எப்படி இருக்கு ஆர்டிஸ்?"

"நல்லாத்தான் இருக்கு."

குளிர்காலம் முழுக்க அவள் அந்த ஜன்னலில் உட்கார்ந்து, அறுத்துப் போட்ட சோளத்தட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு மனசு கேட்கவில்லை. ஆனாலும் சொல்லவில்லை, கேக் சுட்டு எடுத்துக்கொண்டு போனேன்.

பனி உருகியதும் கட்டடத்துக்குத் திறப்பு விழா வைத்தோம். உள்ளே ஊரே அடைந்து நின்றது. மேயர் டுவெய்ன் மெர்லினைப் பாராட்டிக்கொண்டிருந்தபோது சரக்கு வண்டி வந்தது. தரை அதிர்ந்தது, கோப்பைகள் கிலுகிலுத்தன. வண்டியைப் பார்க்க எல்லோரும் திரும்பினோம். மொட்டைச் சுவர்தான் தெரிந்தது.

"மெர்லின்!" ரயில்காரர்களை விரட்டிய அதே குரல். "பின்னால முன்னால தெரியாம வச்சுத் தொலைச்சிருக்கியே! நான் வண்டி பாக்கணும்னு கேட்டேனா, சோளம் பாக்கணும்னு கேட்டேனா?"

நான் மேயரின் முதுகுக்குப் பின்னால் ஒதுங்கினேன். மெர்லினுக்கோ முகம் மலர்ந்துவிட்டது.

"அப்பாடா! இறக்குன அன்னிக்கே எனக்குத் தெரியும். நீ நல்லாருக்குன்னுட்ட, நான் என்னத்தச் சொல்ல? கேப்பீங்க கேப்பீங்கன்னு ஜாக்கியெல்லாம் லாரியிலயே கிடக்கு!"

"எனக்கும் தெரியும்" என்றார் மேயர்.

"தெரிஞ்சுமா இவ்வளவு நேரம் பாராட்டுனீரு?" என்றாள் ஆர்டிஸ். அதற்குப் பிறகு யாராலும் சிரிப்பை அடக்க முடியவில்லை.

அடுத்த வாரமே திருப்பினார்கள். ஆர்டிஸ் கீழே இறங்க மாட்டேன் என்று அடம்பிடித்து, ஜன்னலிலிருந்தே அதட்டினாள். "மெதுவா! இன்னும் கொஞ்சம் இந்தப் பக்கம்! கண்ணு எங்கய்யா இருக்கு?" மெர்லின் அத்தனை திட்டையும் சந்தோஷமாக வாங்கிக்கொண்டான்.

மதியம் வண்டி வந்தது. எங்கள் ஊரில் அது நிற்பதில்லை. ஆனால் டிரைவர் பழைய ஆள். ஜன்னலில் அவளைக் கண்டதும் விடாமல் ஹாரன் அடித்தான். ஆர்டிஸ் கையாட்டினாள். கடைசிப் பெட்டி போய் மறைந்த பிறகும் ஆட்டிக்கொண்டே இருந்தாள், கன்னமெல்லாம் நனைய.

அழுகிறவர் முன்னால் எப்படி நிற்பதென்று எங்களுக்குத் தெரியாது. மேயர் மழை வருமா என்று வானத்தைப் பார்த்தார். நான் கேக்கை வெட்டினேன். மெர்லின் மட்டும் உள்ளே போய், ஒரு நாற்காலியை இழுத்து அவள் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தான்.

"அடுத்த வண்டி எப்ப?"

"சாயங்காலந்தான். உனக்கு வேலை வெட்டி இல்லையா?"

"இருக்கு" என்றான் மெர்லின். எழுந்திருக்கவில்லை.