லாரி வரிசையில் செஸ் ஆடியவள்

திருவொற்றியூர் தாண்டிக் கடலோர ரோட்டில் கண்டெய்னர் லாரிகள் துறைமுகத்துக்குப் போக வரிசை கட்டி நிற்கும். நிற்கும் என்றால் சும்மா நிற்கும். எதற்கு நிற்கிறோம், எப்போது நகருவோம் என்று முன்னால் இருக்கிறவனுக்கும் தெரியாது, பின்னால் இருக்கிறவனுக்கும் தெரியாது. நான் டிரெய்லர் ஓட்டுகிறவன். என் வயசில் பாதி அந்த ரோட்டில் நின்றே போயிற்று. அது கிடக்கட்டும், சொல்ல வந்தது மித்ராவைப் பற்றி.

முழுப் பேர் சங்கமித்ரா. எட்டாம் வகுப்பு. ரோட்டோரக் குப்பத்துப் பெண். அப்பா செல்வம் லாஞ்சில் கடலுக்குப் போகிறவன். போனால் லேசில் திரும்ப மாட்டான். அம்மா பச்சையம்மா ரோட்டை ஒட்டித் தள்ளுவண்டி போட்டு இட்லி, வடை விற்கிறாள். வண்டிக்குப் பக்கத்தில் ஒரு நீளப் பெஞ்சு. வரிசையில் நிற்கிற டிரைவர்கள்தான் அவளுக்கு வியாபாரம்.

மித்ராவின் பள்ளிக்கூடத்தில் இந்த வருஷம் ஒரு புது ஏற்பாடு. ஒவ்வொரு பிள்ளையும் தனக்கு ஆசையான ஒன்றை எடுத்துக்கொண்டு, தானாகவே கற்றுக்கொண்டு, கடைசியில் எல்லார் முன்னாலும் செய்து காட்ட வேண்டும். பேஷன் ப்ராஜெக்ட், ஆசைப் பாடம் என்று பேர். ஒருத்தி பாட்டு எடுத்தாள், ஒருத்தி மாடியில் கத்தரிக்காய் போட்டாள். மித்ரா செஸ் எடுத்தாள்.

"ஏம்மா, வேற எதுவும் கிடைக்கலையா?" என்று கேட்டேன்.

"இதுலதான் மாமா, வாயே தொறக்காம ஒருத்தனக் காலி பண்ணலாம்" என்றாள்.

அந்தப் பிள்ளைக்கு வாய் திறக்காமல் இருப்பது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத்தான் தெரியும்.

காய்களை எப்படி நகர்த்துவது என்று போனில் பார்த்துக் கற்றுக்கொண்டாள். ஆனால் எதிரில் ஆட ஆள் வேண்டுமே. கூடப் படிக்கிற பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு ப்ராஜெக்ட். அப்பா கடலில். அம்மாவைக் கேட்டால், "நீ ஆடு, உன் ராஜாவும் ராணியும் வந்து எனக்கு வெங்காயம் அரிஞ்சி குடுப்பாங்களா?" என்பாள். ஒருநாள் சாயங்காலம் நான் பெஞ்சில் உட்கார்ந்து வடை தின்றுகொண்டிருந்தபோது பலகையைக் கொண்டுவந்து என் முன்னால் விரித்தாள்.

"எனக்கு ஆடத் தெரியாதும்மா."

"எனக்கும் பாதிதான் தெரியும். நகந்து குந்து."

அப்படித்தான் ஆரம்பம்.

அந்த ரோட்டில் ஒரு வழக்கம் உண்டு. வரிசை நகர்ந்தால் அந்த நொடியே வண்டியை எடுத்தாக வேண்டும். ஒரு வண்டி நீளம் இடைவெளி விட்டாலும் பக்கத்திலிருந்து எவனாவது மூக்கை நுழைத்துவிடுவான். அதனால் ஹாரன் சத்தம் கேட்டதும் வாயில் இருக்கிற வடையோடு ஓடுவோம். செஸ் ஆட்டத்தையும் அப்படியே போட்டுவிட்டு ஓடுவோம். அடுத்து எவன் வண்டி கடைக்கு நேராக வந்து நிற்கிறதோ, அவன் இறங்கி வந்து பெஞ்சில் உட்காருவான். விட்ட இடத்திலிருந்து அவன் ஆடுவான். முன்னால் ஆடினவன் ராணியைப் பறிகொடுத்திருந்தால் ராணியில்லாமல்தான் ஆடுவான். யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள்.

கொஞ்ச நாளில் ஆந்திராக்காரன், பீகார்க்காரன் எல்லாரும் அந்தப் பெஞ்சில் ஆடினார்கள். மித்ராவுக்குக் கை தேறிவிட்டது. சும்மா சொல்லக் கூடாது, குதிரையை எங்கே வைப்பாள் என்றே தெரியாது. ரெண்டு பக்கமும் அடிக்கிற மாதிரி வந்து நிற்கும்.

"மாமா, யானையா ராணியா? எத வுட்டுக் குடுக்குற?"

"ரெண்டையும் வெச்சுக்கோ, எனக்கு இன்னொரு வடை சொல்லு" என்று ராஜாவைப் பலகையில் படுக்க வைத்துவிடுவேன். ராஜா படுத்தால் தோற்றேன் என்று அர்த்தம். ராணி போனதும் எல்லா டிரைவரும் அதைத்தான் செய்வான். படுக்காத ஆட்டம் இருந்தால், இருட்டுகிற நேரத்துக்குப் பச்சையம்மா இட்லித் தட்டுகளை வைக்கப் பெஞ்சைக் கேட்பாள். "எட்றி அத!" என்று ஒரு குரல். காய்கள் பையில் விழும்.

ஆக, அந்தப் பெண் ஒரு ஆட்டத்தைக்கூட முழுசாக முடித்ததில்லை. ஒன்று வரிசை நகரும், இல்லை எதிராளி படுப்பான், இல்லை இட்லி வெந்துவிடும். அது ஒரு குறை என்று அவளுக்கும் தோன்றவில்லை, எங்களுக்கும் தோன்றவில்லை.

ஐப்பசி மழைக்கு நடுவில் பள்ளிக்கூடத்தில் ஒரு சேதி சொன்னார்கள். மண்டல அளவில் செஸ் போட்டி நடக்கிறது. பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு பெண்ணைத்தான் அனுப்பலாம். செஸ் எடுத்தவர்கள் ரெண்டே பேர், மித்ராவும் மகிமாவும். மகிமாவின் அப்பாவுக்குக் காலடிப்பேட்டையில் அரிசி மண்டி. அவள் டேப்லெட்டில் வாத்தியார் வைத்துக் கற்றுக்கொள்கிறவள். ரெண்டு பேரும் மோதட்டும், ஜெயிக்கிறவள் போகட்டும் என்று கணக்கு டீச்சர் ஜஹானாரா சொல்லிவிட்டார்.

அன்றையிலிருந்து மித்ராவுக்குத் தூக்கத்திலும் அதே பேச்சாம். "மண்டலத்துக்குப் போனா பஸ்ல இட்டுனு போவாங்களாம்மா. பள்ளிக்கூடம் பேர் போட்ட பனியன் குடுப்பாங்களாம்." குப்பத்தில் பாதிப் பேருக்குச் சொல்லி முடித்துவிட்டாள்.

மோதல் நடந்த வெள்ளிக்கிழமை சாயங்காலம் என் வண்டி கடைக்குக் கொஞ்சம் பின்னால் நின்றது. இறங்கிப் போனேன். மித்ரா பெஞ்சின் ஓரத்தில் பையைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். தூத்துக்குடிக்கார டிரைவர் இசக்கிப்பாண்டி அவளுக்காகக் கோபப்பட்டுக்கொண்டு எதிரில் நின்றான்.

"இன்னாச்சு?"

"டிரா மாமா."

நடந்தது இதுதான். மகிமாவின் காய்களை ஒவ்வொன்றாகக் காலி பண்ணிவிட்டாள். கடைசியில் மகிமாவிடம் ராஜா மட்டும். மித்ராவிடம் ராணி, யானை எல்லாம் இருக்கிறது. மகிமா ராஜாவைப் படுக்க வைப்பாள் என்று இவள் காத்திருக்கிறாள். அவள் படுக்க வைக்கவில்லை. மூலைக்கும் நடுவுக்குமாக ராஜாவை ஓட்டுகிறாள். "இன்னும் இன்னாத்துக்கு ஆடுற?" என்று இவள் கேட்டே விட்டாளாம். அவள் ராஜாவை இன்னொரு கட்டம் நகர்த்தினாள். மூலையில் நின்ற ராஜாவுக்கு ஒரு குதிரைத் தாவல் தள்ளிக் கொண்டுபோய் இவள் ராணியை வைத்தாள். மகிமா கையைத் தூக்கினாள்: "டீச்சர், ஸ்டேல்மேட்."

ராஜாவுக்குச் செக் இல்லை. ஆனால் நகர ஒரு கட்டமும் இல்லை. அப்படி ஆகிவிட்டால் ஆட்டம் சமம். இவளுக்கு அப்படி ஒரு சட்டம் இருப்பதே தெரியாது.

இசக்கிப்பாண்டிக்குப் பொறுக்கவில்லை. "அது எப்படி டிரா ஆகும்? ராஜா நகர முடியலன்னா அவன் தோத்தாம்லா? நான் வந்து அந்த டீச்சர்ட்ட கேக்கேன்."

"யோவ், நீ போனா அப்பால பொண்ணப் பள்ளிக்கூடத்துலயே சேக்க மாட்டாங்க" என்றேன். "உன் வண்டிய நாலு பக்கமும் அடைச்சி நிறுத்திட்டேன்னு வெச்சுக்க. இடிக்கல. நீ நகர முடியாம நிக்குற. நீ என் மேல ஆக்சிடென்ட் கேஸ் போட முடியுமா?"

தலையைச் சொறிந்துகொண்டு சொன்னான். "முடியாது."

"அதான் டிரா."

"அப்போ இடிக்கணுங்கியா?"

"இடிக்கணும்."

அழுதுகொண்டிருந்த பெண் சிரித்துவிட்டாள். மறுபடி அடுத்த வெள்ளிக்கிழமை ஆடச் சொல்லியிருக்கிறார் டீச்சர். அதற்குள் ஆட்டத்தை முடிக்கக் கற்றுக்கொள்ள வேண்டும். ஆனால் எங்கே போய்? எங்கள் பெஞ்சில்தான் எந்த ஆட்டமும் முடிவதே இல்லையே.

சனிக்கிழமை நான் போனபோது பெஞ்சில் பலகை விரித்திருந்தது. மேலே மூன்றே காய்கள். அவள் பக்கம் ராஜாவும் யானையும். எதிர்ப்பக்கம் ராஜா மட்டும்.

"மத்ததெல்லாம் எங்கம்மா? தொலைச்சிட்டியா?"

"எதுக்கு மாமா? முதல்லருந்து ஆடுனா முடியறதுக்குள்ள நீங்க வண்டிய எடுத்துனு பூடுறீங்க. கடைசிலருந்து ஆடுனா?" என்று என் பக்கத்து ராஜாவைத் தட்டினாள். "இது உன்னிது. படுக்கக் கூடாது. மாட்ற வரிக்கும் ஓடணும். எவன் படுக்க வெச்சாலும் அவனுக்கு சட்னி கெடையாது."

இதை அவளுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. ராத்திரி படுத்துக்கொண்டே யோசித்தாளாம்.

எங்களுக்கு அந்த ஆட்டம் ரொம்பப் பிடித்துப் போயிற்று. மூளையே வேண்டாம், ஓடினால் போதும். முதல் நாள் அவள் யானையை ராஜாவுக்குப் பக்கத்தில் கொண்டுவந்து வைத்து வைத்துப் பறிகொடுத்தாள். ஆந்திராக்காரன் ஒருத்தன் யானையை வெட்டிவிட்டு, தேர்தலில் ஜெயித்தவன் மாதிரி வரிசையைப் பார்த்துக் கும்பிட்டான். அடுத்த நாள் யானையைக் காப்பாற்றினாள். ஆனால் மறுபடி மறுபடி ஸ்டேல்மேட். இசக்கிப்பாண்டி மாட்டாமல் தப்பித்தபோதெல்லாம் பெஞ்சிலிருந்து எழுந்து கூத்தாடினான். "ஏ புள்ள, நான் டிரா! பச்சையம்மாக்கா, நம்ம டிராவாக்கும்!"

"தப்பிச்சதுக்கு இன்னாய்யா ஆட்டம், குந்து" என்றாள் பச்சையம்மா. ஆனால் அவளும் கரண்டியைப் பிடித்தபடி பலகையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். "ஏண்டி, யானைய ஏன் அவ்ளோ கிட்ட ஓட்டுற? உங்கப்பா ஊர்ல இருக்கச் சொல்லோ கரையில நின்னு கரவல இழுப்பாரே, கயிறு எங்க கீது, மீனு எங்க கீது? தூரமா நின்னு இழு."

அன்றைக்கு நான் எதிரில் உட்கார்ந்ததும் மித்ரா யானையைப் பலகையின் அந்தக் கோடிக்குத் தள்ளி நிறுத்தினாள். அங்கிருந்து ஒரு வரிசை முழுக்க வேலி. அந்த வேலிக்கு அப்புறம் என் ராஜா வர முடியாது. இன்னொரு பக்கம் அவள் ராஜா மெல்ல மெல்ல நடந்து வந்தது. வேலி ஒரு வரிசை ஏறும். அவள் ராஜா ஒரு அடி வரும். மறுபடி வேலி. நான் பின்வாங்கிப் பின்வாங்கிப் பலகையின் ஓரச் சுவரில் முட்டினேன்.

"செக்மேட்" என்றாள். சொல்லிவிட்டு, தப்பாகச் சொல்லிவிட்டோமோ என்று ஒவ்வொரு கட்டமாகத் தொட்டுப் பார்த்தாள். தப்பில்லை.

வெள்ளிக்கிழமை வந்தது. வீட்டிலிருந்து ஒருத்தர் வரலாம் என்றார்களாம். செல்வம் கடலில். "நீ பூட்டு வா அண்ணே, நான் அங்க வந்து குந்துனா இங்க இட்லி யார் ஊத்துறது" என்று பச்சையம்மா என்னைத் தள்ளிவிட்டாள். அன்றைக்கு எனக்கு லோடு இல்லை. சலவைச் சட்டை போட்டுக்கொண்டு போனேன்.

வாசலில் ஜஹானாரா டீச்சர் கேட்டார். "நீங்க மித்ராவுக்கு என்ன வேணும்?"

"நான் தினம் அவகிட்ட தோக்குறவன்மா."

டீச்சர் சிரித்துவிட்டு நாற்காலி போட்டார்.

மகிமா இந்தத் தடவை உஷாராக வந்திருந்தாள். குதிரை வித்தை எதுவும் எடுபடவில்லை. ராணிக்கு ராணி, பிஷப்புக்கு பிஷப் என்று வெட்டிக்கொண்டே போனார்கள். சிப்பாய்கள் ஒன்றையொன்று தின்று தீர்த்தன. ஒரு இடத்தில் மகிமா அவசரப்பட்டு யானையை விட்டாள். கடைசியில் பலகையைப் பார்த்தால் எங்கள் பெஞ்சு ஆட்டமேதான். மித்ராவிடம் ராஜாவும் யானையும். மகிமாவிடம் ராஜா.

மகிமா படுக்கவில்லை. ஏன் படுக்க வேண்டும்? போன வாரம் இதைவிட மோசமான இடத்திலிருந்து தப்பித்தவள். ராஜாவை நேராக யானையை நோக்கி நடத்தினாள். சுற்றி நின்ற பிள்ளைகள் "அய்யோ" என்றார்கள். மித்ரா யானையை எடுத்துப் பலகையின் அந்தக் கோடியில் வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டாள். வேலி ஏறியது. ராஜா நடந்தது.

மகிமாவின் ராஜா கடைசி வரிசைக்கு வந்துவிட்டது. அப்போது மித்ரா செய்தது எனக்கே புரியவில்லை. யானையை அதே வரிசையில் ஒரு கட்டம் சும்மா தள்ளி வைத்தாள். தூங்கிவிட்டாளா என்று நினைத்தேன். ஆனால் முறை மகிமாவுக்கு வந்துவிட்டது. நகராமல் இருக்க முடியாது. நகர இருந்தது ரெண்டே கட்டம், ஒன்று மூலை, இன்னொன்று மித்ராவின் ராஜாவுக்கு நேர் எதிரில். மூலையில் அடைபட மனசில்லாமல் எதிரில் போனாள். யானை கடைசி வரிசைக்கு ஏறியது, செக்மேட்.

மகிமா ஒவ்வொரு கட்டமாகப் பார்த்தாள். அப்புறம் கை குலுக்கக் கையை நீட்டினாள்.

மித்ரா அந்தக் கையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். "அவ்ளோதானா டீச்சர்? முடிஞ்சிதா?"

"முடிஞ்சிருச்சும்மா. நீதான் போற."

அந்தப் பிள்ளை போட்ட கூச்சலில் பக்கத்து வகுப்பிலிருந்து எட்டிப் பார்த்தார்கள். மகிமாவைக் கட்டிப் பிடித்துக் குதித்தாள். தோற்றவளும் கூடவே குதித்தாள், வேறு வழியில்லை, பிடி அப்படி. மூச்சு வாங்க நின்றதும் மகிமா கேட்டாள். "அந்த யானைய சும்மா தள்ளினியே, அது எப்படி? எனக்கு ஒருதடவ காட்டேன்."

"ராஜாவ எடு. படுக்கக் கூடாது. ஓடணும்."

ரெண்டும் தரையிலேயே பலகையைப் போட்டு உட்கார்ந்துவிட்டன. வகுப்பைப் பூட்டச் சாவியோடு நின்ற டீச்சரும் கொஞ்ச நேரத்தில் குனிந்து பார்க்க ஆரம்பித்தார். என் போன் அடித்தது. பச்சையம்மா. பின்னால் நாலைந்து ஹாரன் சத்தம், இசக்கிப்பாண்டியின் குரல் வேறு.

"இன்னாச்சு அண்ணே? சொல்லு."

"ஜெயிச்சிட்டா தங்கச்சி. இவதான் போறா."

அந்தப் பக்கம் ஒரே சத்தம். யாரோ கரண்டியால் இட்லிக் குண்டானைத் தட்டினார்கள். அது அடங்கியதும் பச்சையம்மா மூக்கை உறிஞ்சிக்கொண்டு கேட்டாள். "இங்க ஆளாளுக்குக் கேசரி கேக்குறாங்க, கிண்டிகினு கீறேன். அவள சீக்கிரம் இட்டுனு வா. இன்னா பண்றா?"

"ஆடிகினு கீறா."

"ஜெயிச்ச அப்பால இன்னாத்துக்கு அண்ணே ஆடுறா?"

மகிமாவின் ராஜா சுவர்ப் பக்கம் ஓடிக்கொண்டிருந்தது. மித்ரா தரையில் குப்புறப் படுத்து, காலை ஆட்டிக்கொண்டு, யானையை அந்தக் கோடிக்குத் தள்ளினாள். நான் நாற்காலியை இன்னும் கொஞ்சம் கிட்டே இழுத்துப் போட்டுக்கொண்டேன்.