பச்சத்தண்ணிக்கு வந்த தொண்டைப் புற்று

லிஃப்ட் மெக்கானிக்குக்குப் 'பச்சத்தண்ணி' என்று பட்டப்பெயர் வைத்தது கூட வேலை பார்ப்பவர்கள்தான். எந்த விருந்துக்குப் போனாலும் மனுஷன் வெறும் தண்ணீரைத் தவிர வேறெதையும் தொடமாட்டார். பக்கத்தில் யாராவது சிகரெட் பற்றவைத்தால் எழுந்தே போய்விடுவார். அப்படிப்பட்டவருக்குக் கழுத்தில் ஒரு கட்டி வந்து, தொண்டைப் புற்றுநோய் என்று தெரிந்ததும் ஊர் வாய் சும்மா இருக்குமா? கமுக்கமாக ஊதியிருப்பான் என்றார்கள். அடப் பாவிகளா! மைத்துனனே நேரில் வந்து, "மச்சான், என்கிட்ட மட்டும் சொல்லுங்க, ஒரு நாளைக்கு எத்தனை?" என்று குசுகுசுத்தான்.

மெக்கானிக்கின் மனைவி, சலவைக்கடை நடத்துகிறவள், தன் தம்பி மேல் பாய்ந்தாள். "இவர் சட்டையைத் துவைக்கிறவ நான். வாடை வந்தா எனக்குத் தெரியாதா? வாயை மூடிக்கிட்டுக் கிளம்பு!"

டாக்டரம்மாதான் விஷயத்தை உடைத்தார். "இது சிகரெட்டால வரல. ஹெச்.பி.வி.ன்னு ஒரு வைரஸ். நெருக்கமா இருக்கும்போது ஒருத்தர்கிட்டேர்ந்து இன்னொருத்தருக்குத் தொத்தும், வாய் வழியாவும்தான். நிறையப் பேருக்கு வந்துட்டுத் தானாப் போயிடும். சிலருக்கு மட்டும் டான்சில் மடிப்புக்குள்ள ஒளிஞ்சுக்கும். இருபது முப்பது வருஷம் கழிச்சுக்கூட இப்படிக் கிளம்பும்."

கெட்டுப்போகிற எந்த மோட்டாரும் நாலு நாள் முன்னாலேயே முனகும். அதைக் கேட்டுக் கேட்டு வயிறு வளர்த்தவர் மெக்கானிக். இதுவோ கண்ணுக்கே தெரியாத ஒன்று. அவர் கல்யாணம் செய்து, மகளைப் பெற்று, அவளை வேலைக்கு அனுப்புகிறவரை தொண்டைக்குள்ளேயே மூச்சுக் காட்டாமல் இருந்திருக்கிறதே! பயத்தைவிட அதிசயம்தான் பெரிதாக இருந்தது.

"யார்கிட்டேர்ந்து வந்துச்சு டாக்டர்?" என்று மனைவி கேட்டாள்.

"அதை யாராலயும் சொல்ல முடியாதும்மா. யார் மேலயும் தப்பும் இல்ல. இந்த வகை, சிகிச்சைக்கு நல்லாவே கட்டுப்படும். தைரியமா இருங்க."

கதிர்வீச்சு ஆரம்பித்தது. மனைவியின் பேச்சு குறைந்தது. கடையில் இஸ்திரிப் பெட்டியை அழுத்துகிற அழுத்தலில் மேஜையே நொந்துவிடும் போலிருந்தது. கல்யாணத்துக்கு முன்னால் மெக்கானிக் ஒரு பெண்ணை உயிராக விரும்பி, நெருக்கமாகவும் பழகியிருந்தார். அது கைகூடவில்லை. இவளிடம் அதைச் சொன்னதும் இல்லை. கண்டுபிடித்துவிட்டாள், இனி என் முகத்தில் முழிக்கமாட்டாள் என்றே முடிவுகட்டினார்.

ஒரு மத்தியானம், வாழைப்பழத்தைப் பாலில் மசித்துக்கொண்டிருந்தவள் கிண்ணத்தை அப்படியே வைத்துவிட்டு அழுதாள்.

"நான்தாங்க உங்களுக்கு இதைக் கொடுத்தேன். எனக்கு முன்னாடி ஒரு வீட்டுக்காரர் இருந்தார்ல? அவர்கிட்டேர்ந்து எனக்கு வந்து, என்கிட்டேர்ந்து உங்களுக்கு. வேற எப்படி? நீங்கதான் ஒரு பாவமும் அறியாதவராச்சே!"

முதல் கணவர் விபத்தில் போன பிறகுதான் அவள் இவரைக் கட்டிக்கொண்டாள். இத்தனை நாளும் அவள் இவர் மேல் துளிகூடச் சந்தேகப்படவில்லை! பழியை எல்லாம் தன் தலையில் போட்டுக்கொண்டு வெந்திருக்கிறாள். மெக்கானிக்குக்கு மெய் சிலிர்த்தது. பேசாமல் இருந்தால் நல்ல பெயர் மிஞ்சும். ஆனால் இவள் சாகும்வரை இதைச் சுமப்பாள்.

தொண்டை ரணமாக இருந்தது. எச்சில் விழுங்குவதே பெரும்பாடு. இருந்தும் பேசினார்.

"உனக்கு முன்னாடி எனக்கும் ஒருத்தி இருந்தா. உன்கிட்ட மறைச்சுட்டேன். அவகிட்டேர்ந்து எனக்கு வந்திருக்கலாம். என்கிட்டேர்ந்து அவளுக்குப் போயிருக்கலாம். யாருக்குத் தெரியும்? நீ அழாதே."

அவள் அழுகையை நிறுத்தி அவரையே பார்த்தாள். கிண்ணம் பறக்கப்போகிறது என்று அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

"அந்தப் பொண்ணு இப்போ எங்க இருக்கா?" என்று கேட்டாள்.

அவர் தெரியாது என்று தலையசைத்தார்.

"விசாரிங்க. பொம்பளைங்களுக்கு இதே கிருமி கர்ப்பப்பை வாயில புற்று வைக்குமாம், டாக்டரம்மா சொன்னாங்க. பாவம், அவளும் ஒரு தடவை போய்ப் பாத்துக்கட்டும்."